ப்ரெஸ்ஸா, த்ரெட்டா

என் சைக்கிள் சத்தம் போடுகிறது என்று முதலில் சொன்னவள் என்னோடு காலையில் சைக்கிள் ஓட்ட வருகிற தோழி. ஊரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள், என்னைவிட வயதில் நன்றாகச் சிறியவள். நான் கணக்கு ஆசிரியை என்பதால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அடி அண்ணாமலையில் டீக்கு நிறுத்தியிருந்தோம். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே, "டீச்சர், உங்க சைக்கிள்ல என்னமோ கட்டு கட்டுனு அடிக்குது, கவனிச்சீங்களா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது அதற்காகவே காதைக் கொடுத்து ஓட்டினேன். காற்று காதோரம் இரைந்தது, டயர் தார்ச்சாலையில் உரசியது, எதிரே வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது. கட்டு கட்டு என்று எதுவும் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் எதற்கெடுத்தாலும் நுணுக்கம் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன்.

அந்த சைக்கிள் நான் வாங்கியது இல்லை. என் கொழுந்தன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது எங்கள் வேங்கிக்கால் வீட்டில் விட்டுவிட்டுப் போன ரோடு பைக். வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கார்பன் ஃபிரேம். ரொம்ப நாள் அது கூடத்தில் ஈரத் துண்டுகளைச் சுமந்துகொண்டு நின்றது. பிறகு நாங்கள் துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு வாங்கினோம். சைக்கிள் வெறுமனே நின்றது. ஒரு கோடை விடுமுறையில், சும்மா தெருக்கோடிவரை போய் வரலாம் என்று ஏறினேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டியும் நிறுத்த மனம் வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நம் உடம்பு இவ்வளவு வேகமாக எங்கேயாவது போகும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து கிரிவலக் கூட்டம் சேரும் பௌர்ணமி நாட்களைத் தவிர மற்ற நாட்களில் விடிந்ததும் மலையைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன்.

சத்தத்தைப் பற்றி மறுபடியும் பேச்சு வந்தது. தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் கணவரிடமே சொல்லிவிட்டாள். என் கணவர் நில அளவைத் துறையில் இருக்கிறார். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார், மிக்ஸி வாங்குவதற்கே ஒரு மாதம் படித்தவர். உடனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துத் தெருவில் ஒரு வட்டம் போட்டார். இறங்கும்போது அவர் முகத்தில் எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"இத வெச்சிக்கிட்டா இத்தனை நாளா ஓட்டிட்டு இருந்த?"

"காத்துல எங்கங்க கேக்குது?" என்றேன்.

"நான் தெருவுலதானே ஓட்டினேன். இங்க ஏது காத்து?"

இரண்டு பேர் கேட்கிறது என்கிறார்கள் என்றால் இருக்கத்தான் வேண்டும். நான் ஓட்டும்போது மட்டும் வராத சத்தமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைவீதிச் சந்தில் இருக்கும் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களைத்தான் பார்ப்பவர். முதலில் பெடலை இறுக்கினார். பிறகு சீட்டை. பிறகு செயின் வீலின் போல்ட்டுகளை. ஒவ்வொன்றுக்கும் பிறகு என் கணவர் ஏறி ஓட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் சத்தம் அடியிலிருந்து வருகிறது என்று முடிவானது. இரண்டு பெடலையும் இணைக்கிற அச்சு, ஃபிரேமின் அடியில் ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. அந்த அச்சைத் தாங்கும் பேரிங் அமைப்புக்குப் பெயர் பாட்டம் பிராக்கெட். கடைக்காரர் அதை பி.பி. என்றார். வழக்கமான சைக்கிள்களில் அது மரை போட்டு, திருகி உட்கார வைக்கப்பட்டிருக்கும். இதில் மரையே இல்லை. வெறுமனே அழுத்திச் செருகியிருந்தார்கள். அப்படி ஒன்றை அவரும் அன்றுதான் பார்த்தார். நீளமான போல்ட்டும் வாஷரும் வைத்து எப்படியோ வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் போட்டு, மறுபடி அழுத்தி இறக்கினார்.

சத்தம் நின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம், இப்போது பரவாயில்லை என்றேன். எனக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது, இப்போதும் இப்படித்தான் இருக்கிறது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாளிலேயே சத்தம் திரும்ப வந்துவிட்டது என்று தோழி சொன்னாள். மறுபடி போனபோது கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மரை போட்டதா இருந்தா இறுக்கி உட்டுடலாம் மேடம். இது குத்தி எறக்கினது. தளந்துட்டா சத்தம் வரும். இல்ல, ஃபிரேமே எங்கனா விரிசல் உட்டுட்டு கீதோ என்னமோ. எனக்குச் சரியாத் தெரியல" என்றார்.

அவர் தெரியவில்லை என்று சொன்னது என் கணவருக்குக் கேட்கவில்லை. மரை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். இது தம்பியுடைய சைக்கிள், என்றைக்கு இருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியது, உனக்கென்று ஒன்று வாங்கிவிடலாம், மரை போட்ட பி.பி. இருக்கிற புது ரோடு பைக்காகப் பார்த்து வாங்குவோம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் கேட்காத ஒரு சத்தத்துக்காகப் புது சைக்கிள் வாங்குவது என்பது, வலிக்காத பல்லைப் பிடுங்கக் கிளம்பியது போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த படிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கடைகளில் மரை போட்டதை த்ரெட் என்றும் செருகியதை ப்ரெஸ் என்றும் சொல்வார்களாம். மரை என்றால் ஒரே மரை இல்லை. பழைய வகை ஒன்று, அதைவிடப் பெரிய துளையோடு இப்போது வந்திருக்கும் வகை ஒன்று. பழைய வகையில் இடது பக்கம் இருப்பது வழக்கமான மரை, வலது பக்கம் இருப்பது எதிர்மரை. இன்னொரு நாட்டு வகையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கம்பெனிக்காரர்கள் கியர் எத்தனை, பிரேக் என்ன என்றெல்லாம் பெரிதாக எழுதுகிறார்கள். பி.பி. எந்த வகை என்று பாதிப் பேர் எழுதுவதே இல்லை. எழுதுகிறவர்களும் ஏதோ இரண்டு எழுத்தும் எண்ணுமாகத்தான் எழுதுகிறார்கள். அழுத்திச் செருகுவதுதான் எடை கம்மி, அதுதான் நவீனம் என்று ஒருவர் காணொளியில் சொல்வார். அதை நம்பி முடிப்பதற்குள் இன்னொருவர், எல்லாக் கம்பெனியும் மரைக்கே திரும்புகிறார்கள், செருகியதை வாங்கினால் ஏமாந்தீர்கள் என்பார். என் கணவர் சாப்பிடும்போதும் போனை நீட்டிக் காட்டுவார். பள்ளியில் ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசிப் பேசி, தமிழாசிரியை ஒரு நாள், "மரை கழண்டது சைக்கிளுக்கா உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. இரைச்சல், மேலே எங்கேயோ பாட்டு. சைக்கிள்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. எங்களைக் கவனிக்க வந்தவர் கல்லூரி முடித்த வயதுள்ள இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக் காட்டினார். என் உயரத்துக்குப் பொருந்திய ஒரு நீல சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடியில் கை வைத்ததும் அந்த இடம் எனக்காகவே செய்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவருக்கு ஆபீஸிலிருந்து போன். அவர் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

இளைஞர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் சக்கரத்தைக் காட்டி எனக்கு முதுகைத் திருப்பியபடி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, பி.பி. இதுல த்ரெட்தானே?"

அவர் சக்கரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். த்ரெட் என்றுதான் என் காதில் விழுந்தது. என் கணவர் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்ததால் இன்னொரு முறையும் கேட்டேன். மறுபடி அதே பதில். சரி, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பில் போடும் மேசைக்குப் போனார்.

என் கணவர் உள்ளே வந்து, வழக்கம்போல அவரும் ஒரு தடவை கேட்டார். இளைஞர் அவருக்கு நேராக நின்று சொன்னார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ப்ரெஸ்ங்கறாரே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இப்போதுதானே த்ரெட் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். இல்லை மேடம், இரண்டு தடவையும் ப்ரெஸ் என்றுதான் சொன்னேன் என்றார் அவர். நான் காதால் கேட்டேன் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த இளைஞர் முகம் செத்துப்போய் நின்றார். ஊர்ப்பக்கத்து ஆள் என்று ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். சைக்கிள் வாங்காமலே கிளம்பினோம்.

ரயிலில் செங்கல்பட்டு தாண்டியதும் அவர்தான் தொடங்கினார். அந்தத் தம்பி பொய் சொன்ன மாதிரி தெரியலையே என்றார். அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "நீ எதையும் காதுல வாங்கறதே இல்ல. வர வர ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். வீட்டில் அவர் பேசும்போது நான் டி.வி. பார்க்கிறேன், சமையலறையிலிருந்து ஊம் கொட்டுகிறேன், கேட்டது ஒன்று செய்வது ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார் என்றேன். திருமணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் சண்டைகளுக்கு ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கு எதற்காகச் சண்டை போடுகிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை. ஒரு சைக்கிளின் அடியில் மரை இருக்கிறதா இல்லையா என்பதற்காகவா?

அடுத்த வாரம் தோழியோடு மலை சுற்றும்போது குபேர லிங்கம் தாண்டி அவள் வேகமாக வந்து என்னைக் குறுக்கே மறித்து நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சாலையின் நடுப்பக்கம் நகர்ந்து போனதாகவும், பின்னால் ஒரு வேன் வந்ததாகவும், எச்சரிக்க அவள் விடாமல் பெல் அடித்ததாகவும் சொன்னாள். நான் பெல்லே கேட்கவில்லை என்றேன். அவள் தன் சைக்கிளை என் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினாள். நடந்து சுற்றுகிற சிலர் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் கட்டைவிரல் கைப்பிடியின் மேல் அசைந்தது. பெல்லை அடிக்கப் போகிறாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"அடிச்சுட்டேன் டீச்சர்," என்றாள்.

அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதுதான் குழப்பம். மரத்தில் காகம் கத்தியதும் கேட்டது. தூரத்தில் லாரி போனதும் கேட்டது. இவ்வளவும் கேட்கிற காதுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பெல் எப்படிக் கேட்காமல் போகும்? இன்னொரு தடவை அடி என்றேன். அடித்தாள். பெல்லின் மூடி நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் அதிர்வு இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அன்று பள்ளிக்குப் போன பேருந்தில் எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளி கீழ்பென்னாத்தூர் பக்கம். வகுப்பில் பிள்ளைகளை நான் அதிகமாகத் திட்டும் ஒரு வாக்கியம் உண்டு. வாய்க்குள்ள பேசாதே, சத்தமாச் சொல்லு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருமே வாய்க்குள் பேசுகிறார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு பெண் எழுந்து விடை சொன்னாள். எட்டா எழுபதா என்று புரியவில்லை. வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று முகத்தைப் பார்த்து, திரும்பச் சொல்லச் சொன்னேன். எட்டு.

கணவரிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால் ரயிலில் போட்ட சண்டையில் அவர் ஜெயித்தது போல ஆகிவிடும் என்றிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தோழியே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள். அவர் மறுநாளே லீவு போட்டார். ஊரில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம், அவர் வேலூருக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செவித்திறன் பரிசோதிக்கும் பெண்ணும் என் கணவரும் இருந்தார்கள். முதலில் எளிதாக இருந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்காமலே கேட்பது போல இருந்தது, அழுத்தினேன். அது சத்தமா என் தலைக்குள் இருக்கும் இரைச்சலா என்று எனக்கே தெரியவில்லை. பரீட்சையில் விடை தெரியாமல் பக்கத்து மேசையைப் பார்க்கும் பிள்ளை போலக் கண்ணாடி வழியே என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். தடித்த ஒலிகளெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கின்றன. மெல்லிய, உச்சத்தில் இருக்கும் ஒலிகள்தான் இரண்டு காதிலும் போய்விட்டன. இது திடீரென்று வந்தது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடமாகப் போயிருக்கும். அதனால் தெரிந்திருக்காது. "ஆளோட குரல் கேக்கும்ங்க. அதுல இருக்கற எழுத்து நழுவிடும். மீதிய நீங்க எதிர்ல இருக்கறவங்க வாயைப் பார்த்து ரொப்பிக்கறீங்க" என்றார்.

நான் அவரிடம் ஓர் உதவி கேட்டேன். வாயை மறைத்துக்கொண்டு ப்ரெஸ், த்ரெட் என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். ஏன் இந்தச் சொற்கள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். ரெ. ரெ. ரெ. எல்லாம் ஒன்றுதான். எது எது என்று ஊகித்துச் சொன்னேன். என் கணவர் முகத்திலிருந்தே எல்லாம் தப்பு என்று தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் அவர் சென்னைக் கடைத் தம்பியைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் அவர் என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்து, "கூடவே கீறேன். எனக்கும் தெரியலியே" என்றார். அவ்வளவுதான். ஆபீஸ் பேச்சு பேசிப் பேசி அவர் நாக்கிலிருந்து போய்விட்ட பிறந்த ஊர்ப் பேச்சு அது. மனசு கலங்கும்போது மட்டும் வரும்.

காதுக் கருவி வந்தது. முதல் வாரம் பைத்தியம் பிடிக்காத குறை. செய்தித்தாளைப் புரட்டுவது தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. கடுகு வெடிப்பது கேட்டு அடுப்பை விட்டு விலகி நின்றேன். என் வளையல்களே என்னை விரட்டின. எது பக்கத்தில் எது தூரத்தில் என்று பிரிக்க முடியவில்லை. என் குரலே வேறு யாரோ என் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு பேசுவது போல இருந்தது. இரண்டு தடவை கழற்றி எறிந்துவிட்டு இரண்டு தடவையும் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் கொழுந்தனின் சைக்கிளை எங்கள் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வலது காலை அழுத்தும்போதெல்லாம் காய்ந்த குச்சியை ஒடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. கட்டு. கட்டு. கட்டு. இதையா இவ்வளவு நாள் தோழி பின்னால் வந்துகொண்டே சகித்தாள்? தெருக்கோடிக்குக்கூடப் போக முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற என் கணவரிடம், இப்போது என்ன செய்வது, புது சைக்கிள் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

"மிஷினைக் கழட்டிட்டு ஓட்டு. சத்தமே இல்லாத சைக்கிள்," என்றார்.

அந்த ரயிலுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

ஆனால் கேள்வி அப்படியேதான் இருந்தது. கோளாறு சைக்கிளிலா என்னிலா என்றால், இரண்டிலும். சைக்கிளை மாற்றினால் எனக்கென்ன, ஓட்டும்போது கருவி போட முடியுமா, போடாவிட்டால் எந்த சைக்கிளாக இருந்தால் என்ன? யோசிக்க யோசிக்க சிக்கல்தான் கூடியது. ஒன்று மட்டும் தெரிந்தது. எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும், யாரோ விட்டுவிட்டுப் போனதாக இல்லாமல் என்னுடையதாக. அதையும் அந்தக் கடையிலேயே வாங்க வேண்டும்.

மறுபடி சென்னைக்குப் போனோம். அதே இளைஞர்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே நழுவப் பார்த்தார். நான் கூப்பிட்டு நிறுத்தி, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். "தம்பி, எனக்குக் காது சரியாக் கேக்காது. அன்னிக்கு அது எனக்கே தெரியாது. நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க, போதும்" என்றேன். அப்படி ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

அன்று அவர் எதையும் வாயால் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு சைக்கிளையும் ஸ்டாண்டில் உயர்த்தி, அடியில் என் விரலை வைத்துத் தொடச் சொன்னார். செருகியதில் ஃபிரேமும் பேரிங்கும் வழவழவென்று ஒன்றாக முடிந்தன. மரை போட்டதில் ஃபிரேமுக்கு வெளியே ஒரு கிண்ணம் நின்றது, அதன் விளிம்பில் கழற்றும் ஸ்பேனர் சாவி பிடிக்கப் பற்கள் இருந்தன. இவ்வளவு எளிதாகத் தடவித் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காகவா வீட்டில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தினோம் என்று என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து பற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் முடிவெடுப்பது எளிதாக இல்லை. பெரிய துளை மரையோடு ஒரு கார்பன் சைக்கிள் இருந்தது, தூக்கினால் காகிதம். பழைய வகை மரையோடு ஒரு அலுமினிய சைக்கிள் இருந்தது, கொஞ்சம் எடை ஜாஸ்தி. முன்னதற்கான சாவி எங்கள் ஊரில் யாரிடமும் இருக்காது, பின்னதை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம் என்றார் இளைஞர். அதே சமயம் சத்தம் வராது என்று தான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னார். மரை போட்டதிலும் கிரீஸ் காய்ந்தால் வரும், சீட்டிலிருந்தும் வரும், எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். அப்படியென்றால் இத்தனை நாள் மரை மரை என்று எதற்கு அலைந்தோம்? என் கணவர் மறுபடி போனை எடுத்தார். நான் அதை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அலுமினிய சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிப் போய் ஓட்டிப் பார்த்தேன். பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று கேட்டால் அன்றும் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. சாம்பல் நிறம். நான் நீலத்தைத்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

கொழுந்தனின் சைக்கிளை அவனுடைய நண்பர் ஒருவர் வந்து எடுத்துப் போனார். அவர் ஊரில் அதை ஒரு கடையில் பிரித்து, ஃபிரேம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்களாம். சத்தம் போனதா என்று நான் கேட்கவில்லை.

புது சைக்கிளில் கருவி போட்டுக்கொண்டு ஓட்டினால் காற்று அதற்குள் புகுந்து புயல் போல இரைகிறது. கழற்றிவிட்டால் பின்னால் வருவது தெரிவதில்லை. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள் தோழி. ஒரு காதில் போட்டால் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்பது தலைகீழாகிவிடுகிறது. இரண்டிலும் போட்டுக் காதை மறைத்துத் துணி கட்டிக்கொள் என்கிறார் கணவர். ஒவ்வொரு வாரமும் ஒரு வழியாக மாற்றிப் பார்க்கிறேன். கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தியிருக்கிறேன். வண்டி அதில் தெரிவதற்கும் என்னைக் கடப்பதற்கும் நடுவில் இருக்கும் நேரத்தை இன்னும் சரியாகக் கணிக்க வரவில்லை. கணக்கு ஆசிரியைதான், வரவில்லை.

போன மாதம் ஒரு நாள் பேருந்துக்குப் போகாமல் பள்ளிக்கே சைக்கிளில் கிளம்பினேன். திண்டிவனம் சாலையில் ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் வேர்க்கடலை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். கருவியைக் கழற்றி டப்பியில் போட்டுப் பையில் வைத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் நெருங்கும் இடத்தில் சாலையின் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. காதிலும் ஒன்றும் இல்லை. இரண்டையும் நம்ப மனமில்லாமல் காலை ஊன்றி நின்று, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். ஒரு பால் வண்டிக்காரர் எனக்காக வண்டியை மெதுவாக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. போங்க என்றாரா நில்லுங்க என்றாரா தெரியவில்லை. நான் அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினேன். அவரும் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு நான் போனேன்.